சம்பந்தி வீட்டு உருண்டை

சம்பந்தி சண்டை வராத கல்யாணம் உண்டா? எங்களுக்குள்ளும் வந்தது. சீர் செனத்திக்காக இல்லை, பந்தியில் யாரை முதலில் உட்கார வைப்பது என்பதற்காகவும் இல்லை. ஓர் உருண்டைக்காக வந்தது. அதை உருளைக்கிழங்கில் செய்வதா, பழைய ரொட்டியில் செய்வதா என்று. அதிலும் சண்டை போட்டது நானும் சம்பந்தியம்மாவும் இல்லை. சம்பந்தியம்மாவும் அவர் வீட்டுக்காரரும். நடுவில் நாட்டாமை நான்.

என் மகள் ஆஸ்டினில் கூட வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றபோது, வெள்ளைக்காரப் பையனா என்று எங்கள் வீட்டில் ஒரு வாரம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அப்புறம் பசித்தது. பொள்ளாச்சியிலிருந்து அக்கா போன் செய்து, வெள்ளைக்காரர்கள் என்றால் எந்த வெள்ளைக்காரர்கள் என்று விசாரித்தாள். ஜெர்மன்காரர்கள் என்றேன். டெக்சாஸில் எங்கே ஜெர்மன்காரர்கள் என்றாள். எனக்கும் அப்போதுதான் தெரியும். நாங்கள் இருக்கும் சுகர் லேண்டிலிருந்து மேற்கே ஐ-டென் ஃப்ரீவேயைப் பிடித்து அரை நாள் போனால் ஹில் கன்ட்ரி என்று ஒரு மேட்டு நிலம். ஓக் மரம், ஆடு, பீச் தோட்டம், சுண்ணாம்புக் கல் வீடுகள். பல தலைமுறைக்கு முன்னால் கப்பலேறி வந்த ஜெர்மன்காரர்கள் அங்கேதான் ஊர் ஊராக இறங்கியிருக்கிறார்கள். மாப்பிள்ளை வீடு அங்கே.

கல்யாணம் முடிந்து முதல் கிறிஸ்துமஸுக்குப் போனபோது மேஜையின் இரண்டு கோடியிலும் இரண்டு பெரிய கிண்ணம் வைத்திருந்தார்கள். ஒன்றில் பழுப்பாக, பச்சைப் புள்ளிகளோடு உருண்டைகள். இன்னொன்றில் வெள்ளையும் சாம்பலுமாகப் பளபளவென்று உருண்டைகள். இரண்டும் ஆரஞ்சுப் பழ அளவு. நடுவில் வறுத்த இறைச்சியும் குழம்பும். சம்பந்தியம்மா தன் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். அவர் வீட்டுக்காரர் எழுந்து நடந்து வந்து தன் கிண்ணத்தை அதற்கு முன்னால் வைத்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் எதிலும் தலையிடாமல் இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். சம்பந்தியம்மாவின் அம்மா, அமெரிக்கப் பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்டு பவேரியாவிலிருந்து வந்தவர். பவேரியா ஜெர்மனியின் தெற்கு. அங்கே உருண்டைக்குப் பெயர் க்னோடல். காய்ந்துபோன ரொட்டியைச் சின்னச் சின்னதாக நறுக்கி, வெதுவெதுப்பான பாலில் ஊறவைத்து, வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், பார்ஸ்லி இலை, முட்டை, கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள் எல்லாம் போட்டுப் பிசைந்து, ஈரக்கையால் உருட்டி உப்புத் தண்ணீரில் வேகவைப்பார்கள். அவர் வீட்டுக்காரரின் முன்னோர்கள் ஜெர்மனியின் நடுப்பகுதி, துரிங்கியா. அங்கே உருண்டைக்குப் பெயர் க்ளோஸே. பச்சை உருளைக்கிழங்கைத் துருவி, துணியில் கட்டி, ஒட்ட ஒட்டப் பிழிய வேண்டும். பிழிந்த தண்ணீரின் அடியில் படியும் மாவை வழித்துத் திரும்ப அதிலேயே சேர்க்க வேண்டும். அதன் மேல் வெந்த கிழங்கைக் கூழாக மசித்துக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கிளற வேண்டும். உருட்டும்போது உள்ளே வெண்ணெயில் வறுத்த ரொட்டித் துண்டு இரண்டு. தண்ணீர் தளதளவென்று கொதித்தால் கரைந்துவிடும், சிரித்த மாதிரி இருந்தால் போதும்.

ரொட்டியைக் காயவிட்டு மறுபடி ஊறவைப்பது என்ன சமையல் என்பார் சம்பந்தி. கிழங்கோடு மல்யுத்தம் போடுவது என்ன சமையல் என்பார் சம்பந்தியம்மா. கல்யாணமான நாள் முதல் இதே பேச்சாம். வீட்டில் யாரும் காது கொடுப்பதில்லை. புது ஆள் கிடைத்ததும் இரண்டு பேருக்கும் குஷி.

என் வீட்டுக்காரர் கத்தியை எடுத்தார். மகள் மேஜைக்குக் கீழே அவர் காலை மிதித்தாள். அந்த உருண்டையைக் கத்தியால் அறுத்தால் சமைத்தவரை அவமானப்படுத்தியதாம். கல் மாதிரி இருக்கிறது என்று சொல்லாமல் சொல்வதாம். முள்கரண்டியால் பிய்க்க வேண்டும். எனக்கு அந்தப் பிரச்சினையே வரவில்லை. நான் கையாலேயே பிய்த்து, குழம்பில் தோய்த்து, வாயில் போட்டாயிற்று. சம்பந்தி மேஜையைத் தட்டி, இந்த வீட்டில் கடைசியில் ஒருவருக்காவது சாப்பிடத் தெரிகிறது என்றார். எது நல்லா இருக்கு என்று சம்பந்தியம்மா கேட்டார். உங்களுடையது வாசனை, அவருடையது மெத்து என்றேன். என்ன பதில் இது, நீ அரசியலுக்குப் போகலாம் என்றார் சம்பந்தியம்மா. அந்த நிமிடத்தில் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

பிறகு எத்தனை உருண்டைகள்! ஒவ்வொரு வருகைக்கும் ஒன்று காட்டினார். ஜெர்மனியின் மேற்கே ஈஸ்ட் போட்டு உப்பவைத்த மாவு உருண்டையை மூடிய சட்டியில், கொஞ்சம் உப்புத் தண்ணீரும் வெண்ணெயும் விட்டு வேகவைப்பார்களாம். மேலே பஞ்சு, அடியில் முறுகல். வெந்து முடியும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. நான் திறந்தேன். அமுங்கிப்போனது. வடக்கே, கடல் பக்கம், ஒரே ஒரு பெரிய மாவு உருண்டையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு வேகவைத்து, பேரிக்காயோடு சாப்பிடுவார்களாம். தெற்கே, ப்ளம் பழத்தின் கொட்டையை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் சர்க்கரைக் கட்டி வைத்து, கிழங்கு மாவால் மூடி வேகவைத்து, பட்டைத் தூளும் வறுத்த ரொட்டித் தூளுமாகப் புரட்டி எடுப்பார்கள். இதைப் பார்த்ததும் நான், அடக் கடவுளே, இது எங்கள் பூரணக் கொழுக்கட்டை என்றேன். அந்த வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு அவர் சுகர் லேண்டுக்கு வந்தார். தேங்காயும் வெல்லமும் கிளறி வைத்திருந்தேன். அவர் தன் ஊர் பீச் பழத்தைப் பையிலிருந்து எடுத்தார். அரிசி மாவுக்குள் பீச் பழமா, பிள்ளையார் கோபித்துக்கொள்வார் என்றேன். கேட்கவில்லை. இட்லிப் பானைக்குள் அத்தனையும் வாய் பிளந்து, சாறு வழிந்து, தட்டே நாசம். நான் திட்டிக்கொண்டே கழுவினேன், அவர் சிரித்துக்கொண்டே துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சர்ச் முடிந்து வந்ததும் போன் செய்வார். என் வீட்டுக்காரர் மிட்லாண்டில் எண்ணெய் வயலில் வேலை. பாதி மாதம் அங்கே, பாதி மாதம் இங்கே. சுகர் லேண்டில் தமிழர்களுக்கா பஞ்சம்? கோயில், ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் பாட்லக், வாட்ஸப் குரூப், எல்லாம் உண்டு. ஆனால் எந்தப் பேச்சை எடுத்தாலும் பையன் எந்தக் காலேஜ், வீடு என்ன விலை என்பதில்தான் போய் நிற்கும். என் வீட்டுக்காரரைப் பற்றி நான் மனசு விட்டுக் குறை சொல்ல முடிந்தது சம்பந்தியம்மாவிடம்தான். அவரும் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வார். பிள்ளையைக் கட்டிக்கொடுத்த இரண்டு வீட்டுப் பெற்றோருக்கும் உள்ள உறவுக்கு ஆங்கிலத்தில் பெயரே இல்லை. எங்களிடம் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தேன். தன் தோழிகளிடம் என்னை அந்தப் பெயரைச் சொல்லித்தான் அறிமுகப்படுத்துவார். ஐம்பது வயதுக்கு மேல் ஒரு சிநேகிதி கிடைப்பது லேசா? எனக்குக் கிடைத்தது.

பிள்ளைகள் பிரிந்துவிட்டார்கள்.

யார் மேல் தப்பு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் மகள், உனக்குப் புரியாதும்மா என்றாள். அடித்தானா என்றால் இல்லை. குடியா என்றால் இல்லை. பின்னே என்னடி என்றால், நாங்க ரெண்டு பேரும் தனித்தனியா நல்லவங்க என்றாள். குழந்தை இல்லை, அதனால் வக்கீல்களுக்கும் அதிக வேலை இல்லை. மகள் சான் ஹோசேயில் வேறு வேலை தேடிக்கொண்டு போனாள். போவதற்கு முன் என்னிடம் ஒன்று கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை போன் பேச்சை நிறுத்தச் சொன்னாள்.

"நீ அவங்ககூட சிரிச்சுப் பேசறப்ப, தப்பு எம்மேலதான்னு நீயும் நினைக்கற மாதிரி இருக்கும்மா. இட்ஸ் நாட் ஃபேர்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீ அவனைக் கட்டிக்கொண்டபோதும் என்னைக் கேட்கவில்லை, விட்டபோதும் கேட்கவில்லை, என் சிநேகிதியை மட்டும் கேட்டுவிட்டுப் பறிக்கிறாயா என்று கத்தினேன். அவள் அழுதாள். பெற்ற பெண் அழுதால் எந்தத் தாயின் வீம்பு நிற்கும்? சரி என்றேன். சம்பந்தியம்மாவிடம் உண்மையைச் சொன்னேன், கொஞ்ச நாளைக்கு மகளுக்காகப் போன் வேண்டாம் என்று. அவர் புரிகிறது என்றார். தன் மகனும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் இருக்கிறான் என்றார். இவர்கள் சூடு தணியட்டும், நமக்குள் என்ன, நாம் எங்கே போய்விடப் போகிறோம் என்றார். ஞாயிறு வந்தால் போனை எடுத்துப் பார்ப்பேன், வைப்பேன். அந்தக் கிறிஸ்துமஸுக்கு இரண்டு கிண்ணத்தையும் மேஜையில் வைத்து அவர் படம் மட்டும் அனுப்பினார். நான் ஒரு ஹார்ட் அனுப்பினேன்.

அதற்கடுத்த கோடையில் அவர் வீட்டுக்காரர் தோட்டத்தில் விழுந்து இறந்துபோனார். மாரடைப்பு. மாப்பிள்ளைதான் மெசேஜ் அனுப்பினான். அத்தை என்று ஆரம்பித்திருந்தான். விவாகரத்து ஆன பிறகும் அத்தை. படித்துவிட்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் பக்கத்தில் துக்க வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டார்கள். அந்த வீட்டுக்குச் சோறாக்கிக் கொண்டுபோவது சம்பந்தியின் முறை. எனக்குச் சந்தேகம், நான் இன்னும் சம்பந்திதானா? அக்காவுக்குப் போன் போட்டேன்.

"என்ன அம்மணி இப்படிக் கேக்கறே? புள்ளைங்க பிரிஞ்சா நீயும் பிரிஞ்சுட்டியா? அந்த வீட்டுல கை நனைச்சிருக்கே இல்ல? சோத்தை ஆக்கிட்டுப் போ."

மகளைக் கேட்கவில்லை. சொன்னேன். அவள், கேர்ஃபுல்லா டிரைவ் பண்ணும்மா என்றாள். என் வீட்டுக்காரர் மிட்லாண்டில் ஷிப்டில் மாட்டிக்கொண்டிருந்தார். நான் தனியாகத்தான் போக வேண்டும்.

என்ன சமைப்பது என்பதில் எனக்கு யோசனையே இல்லை. செத்தவருக்குப் பிடித்ததைத்தான் சமைப்போம். அவருக்குப் பிடித்தது அவர் ஊர்க் கிழங்கு உருண்டை. ஒரு மூட்டைக் கிழங்கை உரித்துத் துருவினேன். துருவத் துருவக் கறுத்தது, தண்ணீரில் போட்டேன். என் வீட்டுக்காரரின் துவைத்த வேட்டி ஒன்றை எடுத்து அதில் கட்டிப் பிழிந்தேன். கிழங்கோடு மல்யுத்தம் என்று சம்பந்தியம்மா சொன்னது எவ்வளவு சரி. மணிக்கட்டு விட்டுப்போயிற்று. அந்த மனிதர் அடுப்படியில் நின்றுகொண்டு, இன்னும் பிழி, இன்னும் பிழி என்று தன் மனைவியைச் சீண்டும் குரல் காதுக்குள் கேட்டது. பிழிந்துகொண்டே அழுதேன். பிழிந்த தண்ணீரை வடித்து, அடியில் இருந்த மாவை வழித்துப் போட்டு, கிளறி, ரொட்டித் துண்டை உள்ளே வைத்து உருட்டினேன். துக்க வீடு, அதனால் கறிக் குழம்பு கிடையாது. காளானில் குழம்பு வைத்தேன். எல்லாவற்றையும் ஹாட் பேக்கில் அடைத்துக்கொண்டு கிளம்பினேன்.

வழியில் கொலம்பஸ் என்ற ஊர் தாண்டி, கேஸ் ஸ்டேஷனில் ஒரு முறை திறந்து பார்த்தேன். உடையவில்லை. அப்போதுதான் மூச்சே வந்தது.

அங்கே போனால், அடுப்பு அணைக்கவே இல்லை. நாலு பர்னரிலும் ஏதோ கொதிக்கிறது. மேஜை முழுக்க ஹாம், பிரிஸ்கெட் கறி, உருளைக்கிழங்கு சாலட், கேக். சர்ச் ஆட்கள் நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டு, சம்பந்தி டிராக்டரைக் குளத்தில் விட்ட கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எங்கள் ஊரில் வாசலிலேயே ஓவென்று அழுதுகொண்டு போவோம், அங்கிருந்து ஒருவர் எழுந்து வந்து கட்டிக்கொள்வார். நான் யாரைக் கட்டிக்கொள்ள? செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போனேன்.

சம்பந்தியம்மா சோபாவில் இருந்தார். நீலச் சட்டை, தலை வாரியிருந்தது, லிப்ஸ்டிக்கூட இருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தார். கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை வந்து என் காலடியில் தரையில் உட்கார்ந்துகொண்டான். அம்மா முந்தாநாளிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். எழுந்து போய் அந்த நாலு பர்னரில் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு, உருண்டைகளை ஆவியில் சூடாக்கி, குழம்பு விட்டு ஒன்றே ஒன்றைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தேன்.

அவர் தட்டைப் பார்த்தார். எந்த வகை என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. முள்கரண்டியால் பிய்த்தார். உள்ளே ரொட்டித் துண்டு இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக முழுவதும் சாப்பிட்டார். நான் இன்னொன்று வைத்தேன். அதையும் சாப்பிட்டார்.

"நல்லா இருக்கு," என்றார். "இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட இதை நல்லா இருக்குன்னு நான் அவர்கிட்டச் சொன்னதில்ல. விளையாட்டுக்குத்தான். ஆனா சொன்னதில்ல."

அதன் பிறகுதான் அவர் அழுதார். சிரித்துக்கொண்டிருந்த சர்ச் ஆட்கள் ஒவ்வொருவராகப் பேச்சை நிறுத்தினார்கள். நான் தோளில் சாய்த்துக்கொண்டேன். நானும் சத்தமாகவே அழுதேன். யார் என்ன நினைத்தால் எனக்கென்ன.

மறுநாள் காலை அடக்கம் முடிந்தது. எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். மதியம் ஒவ்வொருவராக விடைபெற ஆரம்பித்தார்கள். கட்டிப்பிடித்து, கன்னத்தில் முத்தமிட்டு, மறுபடி வருகிறேன், போன் செய்கிறேன், ஏதாவது வேண்டுமென்றால் சொல் என்று. எனக்கு அந்தப் பேச்சு காதில் விழ விழ உடம்பு கூசியது. துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று யாராவது சொல்வார்களா? இதே காரியத்துக்கு மறுபடி வருவேன் என்றல்லவா ஆகும்? எங்களிடம் சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து வர வேண்டும். திரும்பியும் பார்க்கக் கூடாது. அந்த வீட்டுக்கு இன்னொரு கேடு வரக் கூடாது என்ற பிரியத்தில்தான் அப்படி. சின்ன வயதிலிருந்து எத்தனை துக்க வீட்டிலிருந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படி எழுந்து வந்திருக்கிறேன். சம்பந்தியம்மா யாரிடமோ பேசிக்கொண்டிருந்தபோது பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை. போய்க் காரில் ஏறி, திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். சுகர் லேண்டுக்கு வந்து தலைக்குக் குளித்தேன். முறையை முறையாகச் செய்தோம் என்று மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

ஒரு வாரம் கழித்து எப்படி இருக்கிறீர்கள் என்று மெசேஜ் அனுப்பினேன். உணவுக்கு நன்றி, உங்கள் அன்புக்கு நன்றி என்று பதில் வந்தது. பூச்செண்டு படம் போட்ட அட்டையில் அச்சடித்திருக்குமே, அந்த வார்த்தை. துக்கத்தில் இருக்கிறார் என்று விட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நானே கூப்பிட்டேன், மகள் என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்று. எடுக்கவில்லை. பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை படம் அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் வந்தது. கட்டைவிரல்! எனக்கு வந்ததே ஆத்திரம். அரை நாள் கார் ஓட்டிக்கொண்டு போனேனே, வேட்டியில் கிழங்கைப் பிழிந்து கை வீங்கி வந்தேனே, இவ்வளவுதானா வெள்ளைக்காரச் சிநேகம் என்று அக்காவிடம் புலம்பினேன். பிள்ளைகள் உறவு போனதும் நம் உறவும் போயிற்று, விட்டுத் தள்ளு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விட்டுத் தள்ள முடியவில்லை. கோபம் வந்தாலும் அதைச் சொல்ல அவரைத்தான் தேடியது மனசு.

தேங்க்ஸ்கிவிங் லீவுக்கு மகள் வந்தாள். வந்த மறுநாள் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள். ஆஸ்டின் வீட்டை விற்ற விஷயமாக அவனோடு பேச வேண்டியிருந்ததாம். பேச்சோடு பேச்சாக அவன் ஒன்று கேட்டானாம்.

"நீ ஃப்யூனரல்ல பை சொல்லாம வந்துட்டியாம்மா? அவங்க ஜன்னல்கிட்டயே நின்னுட்டு இருந்தாங்களாம். நீ கார்ல ஏறறப்பவாவது திரும்பிப் பாப்பேன்னு. ஒன் லாஸ்ட் ட்யூட்டின்னு வந்து, முடிச்சுட்டுப் போயிட்டாங்கன்னு அவன்கிட்ட சொல்லி அழுதிருக்காங்க."

அவனுக்கு இந்த வழக்கம் தெரியாது. மகளுக்கும் தெரியாது, இந்த ஊரில் பிறந்த பெண், எத்தனை துக்க வீடு பார்த்திருப்பாள்? நான் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது. இதை ஏம்மா அங்க யாருக்கும் சொல்லல என்றாள். சொல்லிக்கொள்ளாமல் வருவதைச் சொல்லிவிட்டு வர முடியுமா? அவளே என் போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். இப்பவே பேசு, என்னை நினைக்காதே, ப்ளீஸ் என்றாள்.

அறைக்குள் போய்க் கூப்பிட்டேன். எடுக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். எடுத்தார். தடுமாறித் தடுமாறி எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் சொல்லிக்கொள்ளவில்லை, ஏன் திரும்பவில்லை, எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம். திரும்பிப் பார்க்க எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"எனக்கு இப்பப் புரியுது," என்றார். "அன்னைக்குத் தெரியல. அந்த வாரம் நான் ரெண்டு பேரை அடக்கம் பண்ணேன். அவரையும், உன்னையும். உன்னை அடக்கம் பண்றது இன்னும் கஷ்டமா இருந்துச்சு, நீ உயிரோட இருந்தே."

நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். மன்னிக்க ஒன்றும் இல்லை, நீ அன்பாகத்தான் செய்திருக்கிறாய் என்றார். குரலில் கோபம் துளிகூட இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சண்டையாவது போட்டிருப்பேன். தான் இருந்த வீட்டை விற்றுவிட்டதாகவும், கொலராடோவில் தங்கை பக்கத்தில் போய் இருக்கப் போவதாகவும் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். தங்கை வீட்டில் வான்கோழிதான், உருண்டையெல்லாம் இனி யாருக்கு என்றார். மகள் நன்றாக இருக்கிறாளா என்று விசாரித்தார். ஹூஸ்டன் பக்கம் இன்னும் வெயிலா என்று கேட்டார். எங்கள் பேச்சில் என்றைக்காவது வெயிலைப் பற்றிப் பேசியிருக்கிறோமா? உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

வெளியே வந்தேன். மகள் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"மன்னிச்சுட்டாங்களாம்மா?"

மன்னித்துவிட்டார் என்று தலையாட்டினேன்.

"தென், ஏன் அழறே?"

"இனிமே அவங்க என்னைக் கூப்பிட மாட்டாங்க கண்ணு," என்றேன்.